ஆறு மைல், இருபத்தேழு பாஸ்

பெரகல சந்தியில், இப்றாஹீமின் கடை வாசலில், தோளில் தொங்கும் தோல்பையை இறக்காமலே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார் பிலிப்பு. கடைப் பலகை எப்போதும் ஈரம். பையில் ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் துரையின் கடிதங்கள் பாழ். அதனால் பதினெட்டு வருஷமாக நின்றபடியேதான் குடிக்கிறார். கடைசி மடக்கை விழுங்கி, கோப்பையைக் கவிழ்த்து ஒரு உதறு உதறிக் கொடுக்கும்போது அந்தக் கேள்வி வரும்.

"என்ன நானா, புதுசா பாஸ் ஏதாச்சும் வந்திச்சா?"

"ஒண்டு ஈக்கி. கொழும்புப் பேப்பர்ல பாத்தேன். கவுன்சில்ல சட்டம் பாஸாகிட்டாம்."

"அது பழசு. மூணாம் மதகுல கெடக்கு."

இப்றாஹீம் வாய்விட்டுச் சிரிப்பார். "என்னா பிலிப்பு, இங்கிலீசுக்காரன்ட பாசையில ஒனக்கு வேற சொல்லே கிடைக்கல்லியா?"

"ஒண்ண முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போவோம்னு பாத்தேன். இது முடிய மாட்டேங்குதே நானா."

சொல்லிவிட்டு நடந்துவிடுவார். நின்று பேசுகிற வேலை அவருடையது அல்ல.

பிலிப்பு ஊசிமலைத் தோட்டத்தின் தபால்காரர். விடியற்காலையில், பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் வந்து வரிசையாக நிற்கிற நேரத்தில், அவர் பங்களாவின் பின்கதவில் நிற்பார். துரை பூட்டிக் கொடுத்த பையை வாங்கிக்கொண்டு பெரகல வழியாக ஹல்துமுல்லைத் தபால் கந்தோருக்கு ஆறு மைல் இறங்குவார். அங்கே வேறொரு சாவியால் பையைத் திறந்து, போகிறதை எடுத்துக்கொண்டு, வருகிறதைப் போட்டுப் பூட்டித் தருவார்கள். மறுபடி ஆறு மைல் ஏற்றம். திரும்பும்போது பையோடு பங்களாவுக்குப் பாண் ரொட்டி, யாராவது சொல்லிவிட்ட மருந்து, லயத்து வரிசைவீட்டுப் பெண்களுக்கு ஊசி நூல், எல்லோருக்கும் நாலு செய்தி. தோட்டத்தில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். எல்லையைத் தினமும் தாண்டுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தாண்ட வேண்டுமானால் காரணம் சொல்லி, காத்திருந்து, தோட்டக் கந்தோரில் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்குப் பெயர் பாஸ். பிலிப்புவுக்குச் சீட்டு வேண்டியதில்லை. தோளில் கிடக்கும் பையே போதும்.

ஐம்பது தாண்டிய மெலிந்த ஆள். சிறுவயதில், கடல் தாண்டி வருவதற்கு முன்பு, திருச்சிப் பக்கத்து ஊரில் அம்மை வந்து முகம் முழுக்கக் குழி. நடை வேகம், ஆனால் அடி சின்னது. நடக்கும்போது வாய் சும்மா இருக்காது. எதிரே வருகிறவர்கள் முதலில் செபமாலை சொல்கிறார் என்று நினைப்பார்கள். கூர்ந்து கேட்டால்தான் தெரியும், அவர் சொல்லிக்கொண்டு போவது ஒரே சொல்லை என்பது.

எழுதப் படிக்கத் தெரியாதவர், பாஸ் என்ற அந்த ஒரு சொல் வழங்குகிற இருபத்தேழு விதத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பது வேடிக்கையான விஷயம். அவர் அவற்றைத் தலையில் வைக்கவில்லை, வழியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு இடம். தோட்டத்து வாசலில் சீட்டுப் பாஸ். முதல் மதகில், கணக்கப்பிள்ளையின் மைத்துனன் பதுளைப் பள்ளிக்கூடத்தில் தேறினானே, அந்தப் பாஸ். மூன்றாம் மதகில் சட்டம். பாதையோரம் நீர் கொட்டுகிற பாறையருகே, ஒரு வெள்ளைக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி ஹப்புத்தளை மேட்டைக் காட்டி, மலை இரண்டாகப் பிளந்து காற்றும் ரோட்டும் நுழைகிற இடத்தை அந்தச் சொல்லால் சொன்னார். ஆகவே மலைப் பாஸ் அங்கேயே, சொன்ன இடத்திலேயே இருக்கிறது. "மலைக்கே ஆண்டவன் ஒரு பாஸ் எழுதிக் குடுத்திருக்கான் பாருங்க" என்பார் பிலிப்பு, அண்ணாந்து. கீழே சமவெளியும், வானம் வெளுத்த நாட்களில் அதற்கப்பால் கடலின் கோடும் தெரிகிற வளைவில், பின்னால் வருகிற குதிரைக் கோச்சுக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்துகிற பாஸ். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் வண்டி வருகிறது. அது ஊதிக்கொண்டு தாண்டிப் போவதும் பாஸ்தானா, வேறா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு, ஒன்றுதான் என்று முடிவுகட்டினார். "கத்துனா என்ன, ஊதுனா என்ன."

இறங்கும்போது ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவார். ஏறும்போது பின்னாலிருந்து வருவார். பெருமழையில் ஒரு மதகு இடிந்து, ரோட்டு வேலைக்காரர்கள் அதை நாற்பது அடி தள்ளிக் கட்டியபோது அவர் பட்ட அவஸ்தையை லயத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பழைய இடத்தில் இருந்ததைப் புது இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வாரம் ஆயிற்றாம்.

சேர்ப்பதற்கு அவர் வைத்திருக்கும் விதிகள் கண்டிப்பானவை. முதலாவது, வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். கணக்கப்பிள்ளை செல்வநாயகம் ஒருமுறை பரிதாபப்பட்டு, பதுளையில் ஒரு நண்பரிடம் அகராதி வாங்கிவந்து கந்தோர் மேசையில் விரித்தார். "இங்க பாரு பிலிப்பு, ஒரு பக்கம் முழுக்க உன் பாஸ்தான். உக்காரு, அத்தனையும் படிச்சுச் சொல்றேன். இதோட இந்தப் பைத்தியம் தெளியட்டும்."

பிலிப்பு இரண்டடி பின்னால் போனார். "வேணாங்க. புஸ்தகத்துல இருக்கறத நான் வெச்சு என்ன செய்ய? சொன்ன ஆளு வேணுங்க. யாரு யாருகிட்டச் சொன்னாங்க, எதுக்குச் சொன்னாங்கன்னு தெரியணும்."

"நீ தபால் சுமக்கிற ஆளா, பண்டிதனா?"

"தபால்தாங்க. வாங்குன கையத் தெரியாம நான் எதையும் சுமக்கறதில்ல."

இரண்டாவது விதி, அவருடைய கேள்வி. யார் எந்த விதத்தைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அதுல எது எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம் போகுது? யாரு விடறாங்க?" பெரும்பாலும் பதில் கிடைத்துவிடுகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை வழியாக இறங்கும் தூள் பாஸ். விடுவது சல்லடைக் கண். பங்களா மேசையில் உப்புக் கிண்ணம் துரைசானியிடமிருந்து துரைக்குப் போவது பாஸ், விடுவது துரைசானி. ஹப்புத்தளை ரயிலடியில் உத்தியோகத்தர்கள் டிக்கட் இல்லாமல் ஏறுவது பாஸ். விடுவது கம்பெனியா, அரசாங்கமா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். வானத்தைப் பார்த்து "இது பாஸாகிவிடும்" என்று துரை சொன்னபோது போவது மழை, விடுவது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

மருந்துச்சாலையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால் பிலிப்பு முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வார், இப்றாஹீம்தான் சொல்வார். வயிற்றுவலி என்று போனவரிடம் டிஸ்பென்சர், பாதி தமிழும் பாதி இங்கிலீசுமாக, இன்று நீர் பாஸ் ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார். பிலிப்பு வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்து, "அதுக்குமாங்க?" என்றாராம். "அதுக்குமா, எதுக்குமா? ஆச்சா, இல்லியா?" என்று டிஸ்பென்சர் அதட்ட, "ஆச்சுங்க, ஆச்சுங்க. யாரு விட்டதுன்னுதான்..." என்று இவர் தொடங்க, அவர் மருந்துப் புட்டியைக் கையில் திணித்து வெளியே அனுப்பிவிட்டார். அந்த விதத்துக்கு இடம், கடையைத் தாண்டியதும் வருகிற இரண்டாவது வேலி மறைவு. "வேற எங்க வெக்கிறது?" என்கிறார் இப்றாஹீம்.

அவருடைய விதிக்கு அடங்காதது ஒன்றே ஒன்று. சனிக்கிழமைகளில் நாலு துரைமார் கூடிச் சீட்டாடும்போது பங்களாச் சமையல்காரர் கதவருகே நின்று கேட்டு வந்து சொன்னது. கையில் போடத் தகுந்த சீட்டு இல்லாதவர் "பாஸ்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாராம். ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விடுமாம். பிலிப்புவுக்கு இது பெரிய ஆச்சரியம். எதுவும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை; யாரும் யாரையும் விடவில்லை; கையில் ஒன்றும் இல்லை என்பதற்கும் அதே சொல். "தொரமாருக்குங்கூட கையில ஒண்ணும் இல்லாத நேரம் வருது" என்று அதை ஏழெட்டுப் பேரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு வழியில் நல்ல இடமாகக் கொடுத்தார்: ஹல்துமுல்லை கண்ணில் படுகிற கடைசி வளைவு.

இந்தச் சேகரம் தொடங்கிய கதையை அவராகச் சொல்வதில்லை. செல்வநாயகத்துக்குத் தெரியும், ஏனெனில் கடிதத்தைப் படித்துச் சொன்னவர் அவர். ஒன்பது வருஷத்துக்கு முன்பு பிலிப்புவின் மனைவி அந்தோனியம்மா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அடக்கத்துக்குச் சுவாமியாரை வரவழைக்க வேண்டும். துரை ஒரு துண்டுக் கடிதம் எழுதினார். அதைக் கொண்டுபோக வேண்டியவர் தபால்காரர். வேறு யாரையாவது அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். பிலிப்பு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கந்தோர் வாசலைத் தாண்டும்போது நின்று, கடிதத்தைச் செல்வநாயகத்திடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவர் துரையின் இங்கிலீசை அப்படியே வாசித்துவிட்டார். நடுவில், இறந்துபோனார் என்கிற இடத்தில், அந்தச் சொல் இருந்தது.

பிலிப்புவுக்கு அதுவரை தெரிந்திருந்த பாஸ் ஒன்றுதான்.

"பாஸ் வாங்கிக்கிட்டாளா?" என்றார். பிறகு, "கையெழுத்து யாருங்க போட்டது?" என்றார்.

செல்வநாயகம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிலிப்பு கடிதத்தை மடித்துக்கொண்டு நடந்தார். அதன்பிறகு ஒரு மாதம் கழித்துத்தான், துரை உப்புக் கேட்ட செய்தியைச் சமையல்காரர் சொல்ல, அவர் திடுக்கிட்டு நின்றது. அதன்பின் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. கடிதத்தில் இருந்த அந்த விதத்தை ஆறு மைலில் எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "அது ரோட்டுல இல்லீங்க" என்பார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பதினெட்டு வருஷத்தில் அந்தப் பை அவர் தோளில் இல்லாத நாட்கள் முப்பத்தொன்று. மனைவியின் அடக்கத்துக்குக்கூட விடாதவர். அந்த முப்பத்தொரு நாளும் சேர்ந்தாற்போல், போன வருஷம் வைகாசி ஆனியில் வந்தன.

ஊசிமலைக்கும் அடுத்த பூனைக்கல் தோட்டத்துக்கும் நடுவே ஒரு ஓடை. பூனைக்கல்லின் தபால்காரர் ஞானசீலன். பிலிப்புவின் ஒரே மகள் றோசாலியை ஞானசீலனின் தம்பி சவரிமுத்துவுக்குத்தான் கொடுத்திருந்தது. ஞானசீலன், தாயார், சவரிமுத்து, றோசாலி நால்வரும் லயத்தில் ஒரே காம்பராவில், ஒற்றை அறையில், இருந்தார்கள். தினமும் காலையில் இரண்டு தபால்காரரும் ஓடைக்கரையில் சந்தித்து ஒன்றாக நடப்பார்கள். ஞானசீலன் றோசாலியின் செய்தி சொல்வார், பிலிப்பு பாஸ் சொல்வார். மாலையில் அதே இடத்தில் பிரியும்போது, "வர்றேன் மாமா", "போயிட்டு வாங்க தம்பி." நாள் தவறாது.

வைகாசியில் பூனைக்கல்லில் பெரியம்மை கண்டது. தோட்டத்தை அடைத்துவிட்டார்கள். ஓடைக்கரையில் காவல்காரன் ஒருவன் குடிசை போட்டு உட்கார்ந்தான். உள்ளே போகக் கூடாது, வெளியே வரக் கூடாது. அம்மை கண்டவர்களைக் குன்றின் மேல் தனியாகப் போட்ட தகரக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உறவுக்காரர் யாரும் அங்கே போக முடியாது. முதலில் போன ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் இறங்கி வந்தார்கள். அதன்பிறகு லயத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் யாரும் சொல்வதில்லை என்றாயிற்று.

தபாலை நிறுத்த முடியாது. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரண்டு தோட்டத்துப் பையையும் பிலிப்புவே சுமந்து வருவார். பூனைக்கல் பையை ஓடை நடுவே நட்ட கவைக்கம்பில் மாட்டிவிட்டு இக்கரைக்கு வந்துவிடுவார். பிறகு ஞானசீலன் அக்கரையிலிருந்து வந்து எடுத்துக்கொள்வார். அங்கிருந்து வருகிற கடிதங்களைக் காவல்காரன் கந்தகப் புகையில் காட்டி, பிளந்த மூங்கிலால் பிடித்து எடுத்துக் கொடுப்பான். பையோடு பிலிப்பு ஒரு கட்டு வேப்பிலையும் மாட்டுவார். இந்தக் குளிருக்கு இங்கே வேம்பு வளராது. வெல்லவாயப் பக்கத்திலிருந்து வரும் வண்டிக்காரர்களிடம் சொல்லி வைத்து, இப்றாஹீம் தினம் ஒரு கட்டு வாங்கி வைத்திருப்பார். இரண்டு கரையிலும் நின்று இருவரும் சத்தம் போட்டு நாலு வார்த்தை பேசுவார்கள். பிறகு வழக்கம்போல, "வர்றேன் மாமா", "போயிட்டு வாங்க தம்பி."

பதினோராம் நாள் ஞானசீலன் பையை எடுத்தார், வேப்பிலையை எடுத்தார், திரும்பி நடந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி!" என்று பிலிப்பு கூப்பிட்டார். ஞானசீலன் நின்றார், ஆனால் திரும்பவில்லை. பிறகு நடந்தார்.

காவல்காரனுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் படவில்லை. பிலிப்புவுக்குப் பட்டது. அம்மை கண்ட வீட்டில் வருகிறவரை வா என்பதில்லை. அந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர் போய் வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால், போகிறவரோடு கூட அம்மையும் புறப்பட்டு அந்த ஆளின் வீட்டுக்கு வந்துவிடும் என்று பயம். கிறிஸ்தவ வேதக்காரர்களானாலும் இந்த விஷயத்தில் லயத்து வழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஞானசீலனின் காம்பராவில் நாலு பேர். கொட்டகைக்கு யாரையும் தூக்கிப் போனதாகச் செய்தி இல்லை. அப்படியானால் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் பெரகலவில் அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டார். இப்றாஹீம் வேப்பிலைக் கட்டைக் கொடுத்துக்கொண்டே, "ஒண்டு பிடிச்சி வெச்சீக்கிறேன், புத்தம் புதுசு. பதுளைக் கோட்டுல ஜட்ஜு..." என்று தொடங்கினார்.

"பொறவு சொல்லுங்க நானா."

"என்னா, சொகமில்லியா? பொறவு எண்டா நான் மறந்து போவேன்."

"மறந்தாப் போகட்டும்." கட்டை வாங்கிக்கொண்டு நடந்தார். இப்றாஹீம் கடைக்கு வெளியே வந்து, அவர் வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிலிப்புவின் உதடு அசையவில்லை என்பதை அன்று முதல் தடவையாகப் பார்த்ததாக அவர் பிறகு சொன்னார்.

ஓடையில் பையை மாட்டிவிட்டுக் கரையேறி நின்றார். அக்கரையில் ஞானசீலன். நடுவில், குடிசை வாசலில் குந்திக்கொண்டு, காதைத் தீட்டி வைத்திருக்கும் காவல்காரன். வாயைத் திறந்து கேட்டுவிட்டால் சாயந்திரமே கொட்டகைக்குத் தூக்கிவிடுவார்கள். பிலிப்பு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தியம்மா சொகமா தம்பி?"

"சொகந்தான் மாமா."

"மாப்பிள சொகமா?"

"அவனுக்கென்ன, நல்லாருக்கான்."

"நீங்க?"

"பாக்குறீங்களே."

"எம் மக?"

ஞானசீலன் குனிந்தார். கவைக்கம்பில் இருந்த வேப்பிலைக் கட்டை முதலில் எடுத்தார். தபால் பையை அதன்பிறகுதான் எடுத்தார். திரும்பி, ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல், மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

"என்னய்யா ஒம் மருமகன் வீட்டு ஆளு, பேச்சுக்குப் பதில் சொல்லாமப் போறான்? மரியாத தெரியாதவனா?" என்றான் காவல்காரன்.

"தெரிஞ்சவன்தான்" என்றார் பிலிப்பு.

ஊசிமலைக்கு வந்து, பங்களாவின் பின்கதவில் பையைக் கொடுத்தார். பாணைக் கொடுத்தார். வழக்கமாக அதோடு திரும்பிவிடுவார். அன்று நின்றார். பையைத் திறந்து கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்த துரை நிமிர்ந்தார்.

"என்னா பிலிப்பு?"

"ஒரு பாஸ் வேணுங்க தொரை."

அத்தனை வருஷத்தில் அவர் தமக்கென்று கேட்ட முதல் பாஸ். துரை சிரித்தார். தபால்காரரின் பைத்தியம் அவருக்கும் தெரியும். புது விதம் ஏதோ கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். "எத்தனை இப்போ? முப்பது?"

"பூனக்கல்லுக்குப் போறதுக்குங்க."

துரை கையிலிருந்த கடிதத்தை மேசையில் வைத்தார். "அங்கே அம்மை."

"எனக்குச் சின்னதுலயே வந்தாச்சுங்க. திரும்ப வராது." முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார்.

"என்னாத்துக்குப் போறே?"

"மக இருக்குங்க."

"மகளுக்கு என்னா?"

பிலிப்பு தரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் றோசாலி கொட்டகைக்கு. துரையிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"பாத்து நாளாச்சுங்க" என்றார்.

துரை பேனாவை எடுத்தார். என்ன புரிந்துகொண்டார் என்பது தெரியாது. "நல்லா கேளு பிலிப்பு. உள்ளே போகலாம். டாக்டர் சொல்ற வரைக்கும் வெளியே இல்லே. என் டப்பால் நிக்காது. நாளைக்கு வேற ஆளு. அவன் நல்லா செஞ்சா, பை அவனுக்குத்தான். நீ வந்து கேக்கக் கூடாது. வந்தா மண்வெட்டி எடுக்கணும். சரியா?"

பிலிப்புவுக்கு அந்தப் பை என்ன என்பது துரைக்கு நன்றாகத் தெரியும். மலையில் முந்நூறு பேர் எல்லைக்கு உள்ளேயே பிறந்து கிடக்க, இவர் ஒருவர் மட்டும் தினமும் கடலின் கோட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர். அது போனால் மற்ற எல்லோரையும்போல அவரும் காலையில் பெரட்டில் நிற்க வேண்டும். ஆறு மைலும், அதில் கிடக்கிற எல்லாமும், எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

"சரிங்க" என்றார்.

துரை எழுதிக் கொடுத்தார். கந்தோர் வாசலில் செல்வநாயகம் நின்றுகொண்டிருந்தார். யார் கையிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் "என்ன எழுதியிருக்குங்க?" என்று கேட்கிற பிலிப்பு, தம் பெயருக்கு எழுதிய சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்.

"பிலிப்பு, படிக்க வேணாமா?"

"வேணாங்க."

ஓடைக்கரையில் காவல்காரன் சீட்டைப் பிளந்த மூங்கிலால் வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, ஒரு கல்லுக்கு அடியில் வைத்தான். "இது உள்ள போறதுக்கு மட்டுந்தான். வெளிய வர்றதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. தெரியுமில்ல?" பிலிப்பு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். றோசாலி பிழைத்தாள். பிலிப்புவின் இடத்தில் வந்த ஆள் ஹல்துமுல்லையில் கள்ளுக் குடித்துவிட்டு இரண்டு முறை பையை மறந்துவிட்டு வந்தான். பாணை நசுக்கிக் கொண்டுவந்தான். துரை பையைப் பழைய தோளுக்கே திருப்பிக் கொடுத்தார். அந்த முப்பத்தொரு நாளில் புதிதாக ஒரு விதமும் சேரவில்லை. தாம் பிடித்து வைத்திருந்த பதுளைக் கோட்டு பாஸை இப்றாஹீம் உண்மையிலேயே மறந்துபோயிருந்தார். பிலிப்பு அதற்காக இன்றுவரை அவரைக் குடைகிறார். ஆனால் ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறியபோது இவை எதுவும் யாருக்கும் தெரியாது.

லயத்தில் ஐந்தாவது காம்பரா. கதவு நிலையில் அவர் தினமும் சுமந்துவந்த வேப்பிலை காய்ந்தும் காயாமலும் தொங்கியது. உள்ளே இருட்டு, மஞ்சள் வாசனை, ஈ. சவரிமுத்து சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமனாரைப் பார்த்ததும் எழுந்தான். வாங்க என்று சொல்லவில்லை. தாயார் அடுப்பருகிலிருந்து தலையை மட்டும் திருப்பினார். பிலிப்புவும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தார்.

றோசாலி தரையில் விரித்த சாக்கின்மேல் கிடந்தாள். தோட்டம் அடைபட்டதிலிருந்து வாழையிலை கிடைக்கவில்லை. முகம் முழுக்க முத்து. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. கன்னம் சாக்கின் சணலில் ஒட்டிக்கொண்டு, அவள் தலையை அசைக்கும்போதெல்லாம் பிய்ந்து பிய்ந்து வந்தது. காலடி கேட்டு, "யாரது?" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. பிலிப்பு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். எத்தனையோ வருஷத்து வெயிலிலும் மூடுபனியிலும் நனைந்து காய்ந்து, பஞ்சுபோல் மெலிந்துபோன எட்டு முழத் துணி. அதை நாலாக மடித்தார். சுருக்கங்களை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார். பிறகு ஒரு கையால் மகளின் தலையை மெல்லத் தூக்கி, மற்றக் கையால் துணியை அவள் கன்னத்துக்கு அடியில் நுழைத்தார்.